பழைய கார்ல வந்து வந்து போற கரண்ட் கோளாறு: வயருக்குள்ள என்னதான் நடக்குது?

காலைல சாவியத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான், செல்ஃப் எடுக்காது. கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுத்துக்கும். ஹெட்லைட் பள்ளத்துல இறங்குறப்போ மட்டும் கண் சிமிட்டும். வைப்பர் வெயில் காலத்துல பிரமாதமா ஓடும், ஐப்பசி மழைல நின்னுடும். எலக்ட்ரீஷியன்கிட்ட கொண்டுபோனா அங்க எல்லாமே ஒழுங்கா வேலை செய்யும், அவரும் பாவம் என்ன பண்ணுவார், "லூஸ் காண்டாக்ட்தான் சார், ஓட்டிப் பாருங்க, திரும்ப வந்தா கொண்டாங்க"ம்பார். இல்லன்னா பேட்டரிய மாத்தச் சொல்வார். பேட்டரிக்கு அப்புறம் அத சார்ஜ் பண்ணுற ஆல்டர்னேட்டர், அதுக்கப்புறம் இஞ்சின சுத்தி ஸ்டார்ட் பண்ணுற செல்ஃப் மோட்டார். மூணும் மாத்தின பிறகும் அந்த 'டிக்' அப்படியே இருக்கும், பர்ஸ் மட்டும்தான் இளைச்சிருக்கும்.

மாருதி 800, ஜென், அம்பாசடர், பழைய சான்ட்ரோ மாதிரி வண்டிங்கள மனசுல வச்சுதான் இத எழுதறேன். 800 வந்தது 1983ல, நின்னது 2014ல, அதாவது கடைசியா வெளிய வந்த வண்டிக்கே பத்து வயசு தாண்டிடுச்சு. இந்த வண்டிங்கள்ல இஞ்சின் வேலை தெரிஞ்ச ஆளு தெருவுக்கு ஒருத்தர் இருக்காங்க, ஆனா வயரிங்னு வந்தா மட்டும் எல்லாரும் அது ஏதோ பேய் பிடிச்ச விஷயம் மாதிரி பேசறாங்க. அது தன்னிஷ்டத்துக்கு வந்து போறதில்லங்க. எங்கயோ ஒரு இணைப்புல கரண்ட் போறதுக்கான தடை ஏறுது, இறங்குது. ஏறுறதுக்கு ஒரு காரணம் இருக்கு. லோடு, அதாவது கரண்ட் இழுக்கிற பல்போ மோட்டாரோ, ஓடிட்டிருக்கும்போது அளந்தா அந்த இடம் சிக்கும், லோடு இல்லாம அளந்தா சிக்காது. பெரும்பாலானவங்க ரெண்டாவதைத்தான் பண்றாங்க.

மீட்டர்ல 12 காட்டுது, லைட் ஏன் எரியல?

செங்கல்பட்டு பக்கத்துல இருக்கிற பரனூர் டோல்கேட்ட எடுத்துக்கோங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரே ஒரு லேன் திறந்திருந்தாலும் பிரச்சனையே தெரியாது, எப்பவாவது ஒரு கார் வரும், நிக்காம போயிடும். பொங்கலுக்கு முந்தின நாள் சாயங்காலமும் அதே ஒரு லேன்தான் திறந்திருக்குன்னு வைங்க, க்யூ சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் நிக்கும். டோல்கேட் மாறல, அது வழியா போக வேண்டிய வண்டிங்களோட எண்ணிக்கைதான் மாறிச்சு. இப்ப யாராவது நடுராத்திரி ஒத்தைக் கார அனுப்பிப் பார்த்துட்டு "டோல்கேட் சூப்பரா இருக்கு"ன்னு ரிப்போர்ட் எழுதினா எப்படி இருக்கும்?

நம்ம டிஜிட்டல் மல்டிமீட்டர் பண்றது அதேதான். வோல்ட் அளக்கும்போது அது இழுக்கிற கரண்ட் ஒரு ஆம்ப்ல சுமார் பத்து லட்சத்துல ஒரு பங்கு. வயருக்குள்ள இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாக்கூட அவ்வளவு கரண்ட் தாராளமா போகும், மீட்டர் 12னு காட்டும். ஆனா 55 வாட் ஹெட்லைட் பல்ப் கேக்கறது நாலரை ஆம்ப்புக்கு மேல. அந்த ஒத்தை இழை வழியா அது தாராளமா போகாது.

இங்க நாலு வார்த்தைய நேர் பண்ணிக்கலாம், கீழ முழுக்க இதுதான் வரப்போகுது. வோல்ட்டேஜ்ங்கிறது கரண்ட தள்ளுற அழுத்தம். கரண்ட்ங்கிறது உண்மைல ஓடுற அளவு, ஆம்ப்ல சொல்லுவோம். ரெசிஸ்டன்ஸ்ங்கிறது வழில இருக்கிற தடை, ஓம்ல சொல்லுவோம். அந்தத் தடைய தாண்டும்போது காணாமப் போற வோல்ட்டேஜுக்கு வோல்ட்டேஜ் டிராப்னு பேரு. கணக்கு ரொம்ப சுலபம்: கரண்டையும் ரெசிஸ்டன்ஸையும் பெருக்கினா டிராப் வந்துடும்.

வயரும் வயரும் சேர்ற பிளாஸ்டிக் இணைப்பு, அதான் கப்ளர், அதுல துரு ஏறி 0.2 ஓம் கூடிடுச்சுன்னு வைங்க. அது வழியா 5 ஆம்ப் போனா 1 வோல்ட் அங்கயே போயிடுச்சு. ஒரு வோல்ட்தானேன்னு தோணும், ஆனா ஃபிலமென்ட் பல்ப்ல வோல்ட்டேஜ் குறையுறத விட வெளிச்சம் வேகமா குறையும், ஒரு வோல்ட் போனா வெளிச்சத்துல ஏறக்குறைய கால் பங்கு போச்சு. பழைய வண்டில "ஹெட்லைட் மங்கலா இருக்கு, 100 வாட் பல்ப் போட்டுடலாம்"னு கிளம்புறவங்க தயவுசெஞ்சு இந்த இடத்துல நின்னு யோசிங்க. பல்ப் பெருசானா கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினா டிராப்பும் ஏறும், கூடவே கப்ளரும் உருகும்.

அந்த 'டிக்' கதையும் இதேதான். செல்ஃப் மோட்டார் சின்ன கார்லயே 100 ஆம்ப் பக்கத்துல இழுக்கும். பேட்டரி டெர்மினல்ல பூத்த பவுடரால வெறும் 0.05 ஓம் கூடியிருந்தாலே 100 ஆம்ப்புக்கு 5 வோல்ட் போயிடும், மோட்டாருக்குப் போய்ச் சேர்றது ஏழரை வோல்ட் மாதிரிதான், அதுல அது சுத்தாது, உள்ள இருக்கிற ஸ்விட்ச் மட்டும் இழுத்து 'டிக்'கும். அதே 0.05 ஓம் வழியா ஹெட்லைட்டோட 5 ஆம்ப் போனா டிராப் கால் வோல்ட்தான், கண்ணுக்கே தெரியாது. அதனால "லைட் பளிச்சுன்னு எரியுது, கனெக்‌ஷன் நல்லாத்தான் இருக்கு"ங்கிற வாதம் செல்லாது.

இதுவரைக்கும் பார்த்தது: கெட்ட இணைப்பு கரண்ட முழுசா நிறுத்தணும்னு அவசியமில்ல, கொஞ்சம் தடுத்தாலே போதும். அந்தத் தடை பெரிய கரண்ட் கேக்கும்போதுதான் வெளிய தெரியும்.

எர்த்: திரும்பிப் போற வழி

கரண்ட் பேட்டரி பாசிட்டிவ்ல கிளம்பி பல்புக்குப் போறதோட வேலை முடியல, பல்புல இருந்து நெகட்டிவுக்குத் திரும்பி வரணும். கார்ல இதுக்குத் தனியா வயர் இழுக்காம பாடிய, அந்த இரும்புத் தகட்டையே, திரும்புற வழியா வச்சிருக்காங்க. அதத்தான் எர்த்ங்கறோம். வீட்டு எர்த்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அது ஷாக் அடிக்காம இருக்க, இது கரண்ட் ஓடவே தேவையான பாதி வழி.

என் அனுபவத்துல வந்து வந்து போற கோளாறுல பெரும்பங்கு இந்தப் பாதிலதான் இருக்கு. காரணம் புரிஞ்சுக்கறது கஷ்டமில்ல. பாசிட்டிவ் பக்கம் வயர், ரப்பர், கப்ளர்னு பாதுகாப்பு இருக்கு. எர்த் பக்கம் வயர் நுனில இருக்கிற உலோக வளையத்த, அதாவது லக்க, பாடில ஸ்க்ரூ போட்டு முடுக்கி விட்டிருப்பாங்க, அதுவும் மட்கார்டுக்குள்ள, தண்ணி தெறிக்கிற இடத்துல. டிங்கரிங் பெயிண்டிங் பண்ணின வண்டின்னா இன்னும் மோசம், பெயிண்ட் மேலயே லக்க வச்சு முடுக்கியிருப்பாங்க, ஸ்க்ரூவோட மரை மட்டும்தான் இரும்பத் தொட்டுட்டு இருக்கும்.

எர்த் கெட்டா வர்ற அறிகுறி வேடிக்கையா இருக்கும். பிரேக் அழுத்தினா இண்டிகேட்டர் லேசா எரியும். இண்டிகேட்டர் போட்டா பின்னாடி பார்க் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். பார்க்கிறவங்க "வயர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஷார்ட்டு"ம்பாங்க. நடக்கிறது அதில்ல. பின் லைட் செட்டுல இருக்கிற எல்லா பல்புக்கும் பெரும்பாலும் ஒரே எர்த். அது விட்டுப்போச்சுன்னா பிரேக் லைட்டுக்கு வந்த கரண்டுக்கு வெளிய போக வழியில்ல, பக்கத்துல அணைஞ்சு கிடக்கிற இண்டிகேட்டர் பல்போட ஃபிலமென்ட் வழியா பின்பக்கமா ஏறி, அந்த வயர் பிடிச்சு முன்னாடி போய், முன் இண்டிகேட்டர் பல்ப் வழியா அங்க இருக்கிற நல்ல எர்த்த தேடிப் பிடிச்சுக்கும். ரெண்டு மூணு பல்ப ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா ஒரே வழில மாட்டின மாதிரி ஆயிடுறதால எல்லாமே மங்கலா எரியும். சம்பந்தமில்லாத ரெண்டு லைட் சேர்ந்து எரிஞ்சா முதல்ல எர்த்த சந்தேகப்படுங்க.

இன்னொண்ணு, இது கொஞ்சம் பயமான விஷயம். இஞ்சின் ரப்பர் மவுன்ட் மேல உக்காந்திருக்கு, அதனால இஞ்சினையும் பாடியையும் சேர்க்க ஒரு தடிமனான எர்த் பட்டை இருக்கும். அது அறுந்து போனா செல்ஃப் மோட்டாரோட அத்தனை ஆம்ப்பும் வேற வழி தேடும், இஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற இரும்பு எதுவோ அதுதான் வழி, அதாவது ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், சோக் கேபிள். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சூடாகி புகை வர்றது இதனாலதான். ஆக்சிலரேட்டர் கேபிள் அடிக்கடி டைட் ஆகுது, மாத்தி மாத்தி அலுத்துப்போச்சுன்னா பானெட்டத் திறந்து அந்தப் பட்டைய ஒரு தடவை பாருங்க.

சரி, ஏன் சில நேரம் மட்டும்?

முழுசா அறுந்த வயர் எப்பவுமே வேலை செய்யாது, அது சுலபம், யார் வேணா கண்டுபிடிச்சுடலாம். அரைகுறையா இருக்கிறதுதான் ஆட்டம் காட்டும். அந்த ஆட்டத்துக்குப் பின்னாடி இருக்கிறது நாலு பேர்: சூடு, ஆட்டம், ஈரம், லோடு.

சூட்டுக்கு நல்ல உதாரணம் 1990கள்ல வந்த ஹோண்டா சிவிக், அக்கார்டு வண்டிங்கள்ல இருக்கிற மெயின் ரிலே. ரிலேங்கிறது சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் பண்ணுற காந்த ஸ்விட்ச். அந்த மெயின் ரிலேதான் பெட்ரோல் பம்புக்கு கரண்ட் கொடுக்குது. வருஷக்கணக்கா சூடாகி ஆறி, சூடாகி ஆறி, அதுக்குள்ள ஈயப்பற்று மெல்லிசா விரிசல் விட்டுடும். வெயில்ல நிறுத்தின வண்டிய திறந்து சாவி போட்டா செல்ஃப் அடிக்கும், ஆனா ஸ்டார்ட் ஆகாது, ஏன்னா உள்ள சூட்டுல விரிசல் விரிஞ்சு நிக்குது. கண்ணாடிய இறக்கிவிட்டு கொஞ்சம் ஆறினா ஸ்டார்ட் ஆயிடும். உலகம் முழுக்க பல பேர் இதுக்குப் பெட்ரோல் பம்ப்ப மாத்திட்டு உக்காந்திருக்காங்க, ரிலேவத் திறந்து அந்த ஈயப்பற்ற மறுபடி உருக்கி விட்டா சரியாகிற வேலை.

சூடு வெளில இருந்துதான் வரணும்னும் இல்ல, கெட்ட இணைப்பு தானே சூடாகும். 0.2 ஓம் வழியா 10 ஆம்ப் ஓடினா அந்தச் சின்ன இடத்துல 20 வாட் சூடு, சின்ன சால்டரிங் அயர்ன் அளவு. எதிர்ல இருக்கிற பின்ன உள்ள வாங்கிப் பிடிக்கிற பெண் டெர்மினலோட ஸ்பிரிங் பிடி அந்தச் சூட்டுல தளரும், தளர்ந்தா ரெசிஸ்டன்ஸ் ஏறும், ஏறினா இன்னும் சூடு. ஃபியூஸ் பாக்ஸ்ல ஒரே ஒரு ஃபியூஸ் கால் மட்டும் பழுப்பா கருகியிருக்கிறத பார்த்திருப்பீங்க. ஃபியூஸ் ஏன் போகலன்னு கேட்டா, கரண்ட் அதிகமாகல, அதனால போகல. தடை அதிகமாச்சு, அத ஃபியூஸ் பார்க்காது.

ஆட்டம்னா பள்ளம் மேடு மட்டும் இல்ல. இஞ்சின் ஓடுற அதிர்வுல கப்ளருக்குள்ள இருக்கிற தகரப்பூச்சு டெர்மினல் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கிட்டே இருக்கும், உரசுற இடத்துல ஒவ்வொரு தடவையும் மெல்லிசா ஆக்சைடு படியும், அது கரண்ட கடத்தாது. அதனாலதான் கப்ளர கழட்டி மாட்டினா கோளாறு சரியாயிடுது, தேய்ச்சதுல ஆக்சைடு போச்சு, சில வாரத்துல திரும்ப வரும். அப்புறம் கதவு, டிக்கி. அந்த ரப்பர் குழாய்க்குள்ள போற வயர் திறக்கும்போதும் மூடும்போதும் மடங்கி மடங்கி உள்ள செம்பு அறுந்துடும், வெளில பிளாஸ்டிக் முழுசா நல்லாவே இருக்கும். கதவ ஒரு கோணத்துல வச்சா ஸ்பீக்கர் பாடும், மூடினா நின்னுடும்.

ஈரத்தப் பத்தி சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. கடல் காத்துல உப்பு இருக்கு, உப்புத் தண்ணி செம்புல பட்டா பச்சைப் பவுடர் பூக்கும், அந்தத் தண்ணி வயரோட இழைகளுக்கு நடுவுல திரில எண்ணெய் ஏறுற மாதிரி பிளாஸ்டிக்குக்குள்ளயே ஏறிப் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்துல முங்கின வண்டிய மலிவா வாங்கினவங்க, சீட்டு கார்ப்பெட் எல்லாம் புதுசா இருக்கேன்னு சந்தோஷப்படாம, கார்ப்பெட்டுக்கு அடில ஓடுற கப்ளர ஒண்ணு கழட்டிப் பாருங்க. பச்சை இருந்தா மத்ததுலயும் இருக்கும்.

லோடு ஏற்கனவே பார்த்துட்டோம். ஏசி, ஹெட்லைட், ஃபேன் மூணும் ஓடும்போது மட்டும் வர்ற கோளாறுன்னா அந்த மூணுக்கும் பொதுவான வழில எங்கயோ அடைப்பு.

சுருக்கமா, கோளாறு எப்ப வருதுங்கிறதே அது எங்க இருக்குங்கிறதுக்கு பாதி பதில். ஒரு துண்டுப் பேப்பர் டேஷ்போர்டுல வச்சுக்கிட்டு வெயிலா, மழையா, பள்ளத்துலயா, எது எதெல்லாம் ஆன்ல இருந்தது, கூட வேற என்ன நின்னதுன்னு எழுதுங்க. வைப்பரும் ஃபியூயல் மீட்டரும் ஒண்ணா நின்னா ரெண்டும் ஒண்ணா கெட்டுப்போகல, ரெண்டுக்கும் பொதுவான ஃபியூஸோ எர்த்தோ சாவி ஸ்விட்சோதான் கெட்டிருக்கு.

அளக்கிறது எப்படி

தேவை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு நீள வயர், சாவி திருப்ப ஒரு ஆள். ஓம் வச்சு அளக்கப் போகாதீங்க, மீட்டர் வயரோட நுனில இருக்கிற ரெண்டு முள்ளையும் ஒண்ணா முட்ட வச்சாலே 0.2, 0.3 ஓம் காட்டும், நாம தேடுறதே அந்த அளவுதான். 'பீப்' சத்தத்த அதவிட நம்பாதீங்க, பல மீட்டர் முப்பது ஓம்முக்குக்கூட பீப் அடிக்கும்.

வோல்ட் டிசி, 20 ரேஞ்சுல வைங்க. முதல்ல பேட்டரியோட ரெண்டு ஈயக் கம்பத்துலயே, அதப் பிடிச்சிருக்கிற கிளாம்புல இல்ல கம்பத்துல, முள்ள வச்சுட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, ஃபேன் பெல்ட் பக்கம் வயரும் கையும் இல்லாம. சும்மா இருக்கும்போது 12.6 பக்கம் இருந்து, அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழ விழுந்தா பேட்டரி மேல சந்தேகப்படலாம். பத்துக்கு மேல நிக்குது ஆனா செல்ஃப் சோம்பலா சுத்துதுன்னா பேட்டரிய விட்டுடுங்க, வழில பாருங்க.

இப்ப கருப்பு முள்ளு பேட்டரி நெகட்டிவ் கம்பத்துல, சிவப்பு இஞ்சின் பிளாக்ல சுத்தமான இரும்புல. சும்மா இருக்கும்போது பூஜ்யம் காட்டும், அதுல அர்த்தமில்ல. செல்ஃப் அடிக்கும்போது என்ன காட்டுதோ அதுதான் திரும்புற வழில தொலையுற வோல்ட்டேஜ். 0.2க்குள்ள இருந்தா நல்லது, அரை வோல்ட் காட்டினா அந்தப் பட்டையக் கழட்டி உப்புத்தாள் போடுற வேலை இருக்கு. அப்புறம் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுல இதே மாதிரி, இங்க அரை வோல்ட் வரைக்கும் பொறுத்துக்கலாம்.

ஹெட்லைட், வைப்பர், ஹார்ன் எதுவா இருந்தாலும் முறை இதேதான்: அத ஓட விட்டு, பாசிட்டிவ் பக்கம் பேட்டரில இருந்து பல்ப் பின் வரைக்கும் ஒரு தடவை, எர்த் பக்கம் பல்ப் பின்ல இருந்து நெகட்டிவ் வரைக்கும் ஒரு தடவை. எந்தப் பக்கம் தொலையுதுன்னு தெரிஞ்சா அந்தப் பக்கத்த பாதியா பிரிங்க, உதாரணத்துக்கு ஃபியூஸ் பாக்ஸ் வரைக்கும் எவ்வளவு, அதுக்கப்புறம் எவ்வளவு. மறுபடி பாதி. மொத்த வயரிங் கிட்டையும் உரிக்காமயே நாலஞ்சு அளவுல ஒரு கப்ளர் வரைக்கும் வந்துடலாம்.

அளக்கப் போன நேரத்துல கோளாறு வராம அடம்பிடிச்சா வரவைக்கணும். மீட்டர் மாட்டினபடியே கப்ளர ஒவ்வொண்ணா ஆட்டுங்க, வயர லேசா இழுங்க, ரிலேவ ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டுங்க, ஹேர் டிரையர் வச்சு ரிலேவ சூடாக்குங்க. எண் எங்க குதிக்குதோ அங்கதான் ஆளு.

ஓடும்போது மட்டும் நிக்கிற வண்டிக்கு ஒரு பழைய வித்தை இருக்கு, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. ஒரு சின்ன 12 வோல்ட் பல்ப நீள வயர்ல, நடுவுல சின்ன ஃபியூஸ் போட்டு, பெட்ரோல் பம்ப்போட அதே ரெண்டு வயருக்கு இணையா மாட்டி, பல்ப டேஷ்போர்டு மேல ஒட்டிட்டு ஓட்டுங்க. இஞ்சின் நிக்கிற அந்த நொடில பல்பும் அணைஞ்சா பம்புக்குக் கரண்ட் போகல, வயர் பக்கம் தேடுங்க. பல்ப் எரிஞ்சுட்டே இருந்தா கரண்ட் வந்துட்டுதான் இருக்கு, பம்ப் அல்லது வேற ஏதோ. (கார்ப்புரேட்டர் வண்டில இதையே இக்னிஷன் காயிலுக்கு பண்ணலாம்.) இஞ்சின் கம்ப்யூட்டர் இருக்கிற வண்டில சென்சார் வயர்ல மட்டும் இந்த மாதிரி டெஸ்ட் பல்ப் வைக்காதீங்க, அங்க மீட்டர் மட்டும்தான். மஞ்சள் உறை போட்ட வயர் ஏர்பேகோடது, அதுல கையே வைக்க வேணாம்.

எங்க முதல்ல பார்க்கணும், பிடிபட்டா என்ன பண்ணணும்

கம்பெனி போட்ட வயரிங்க விட, பின்னாடி வந்தவங்க போட்டதுதான் அதிகம் கெடும். ஆடியோ, சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் ஹார்ன், ஃபாக் லாம்ப், இது ஒவ்வொண்ணுக்கும் யாரோ ஒருத்தர் ஓடுற வயர சீவி, முறுக்கி, கருப்பு டேப் சுத்தியிருப்பார். நம்ம ஊரு வெயில்ல அந்த டேப் பசை இளகி வழிஞ்சு, முறுக்கு பிரிஞ்சு கிடக்கும். டேஷ்போர்டுக்கு அடில குனிஞ்சு டேப் தெரியுற இடத்துல இருந்து ஆரம்பிங்க. அடுத்தது எலி. நாள்கணக்கா நிறுத்தி வச்ச வண்டில பேட்டரிக்குக் கீழ, இஞ்சினுக்குப் பின்னாடி கடிச்சிருக்கும், முழுசா கடிக்காம ரெண்டு இழைய மிச்சம் வச்சிருந்தா மேல சொன்ன அத்தனை கூத்தும் நடக்கும்.

எர்த்னா லக்க கழட்டி, லக்கையும் பாடியையும் பளபளன்னு வர்ற வரைக்கும் உப்புத்தாள் போட்டு, முடுக்கின பிறகு மேல வாஸலின் தடவுங்க. பேட்டரி கிளாம்புல பவுடர் பூத்திருந்தா வெந்நீர்ல ஆப்ப சோடா கலந்து கழுவலாம், நெகட்டிவ முதல்ல கழட்டி கடைசியா மாட்டணும், பேட்டரி மூடிக்குள்ள அந்தத் தண்ணி போகக்கூடாது. கப்ளர்னா காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, பெண் டெர்மினலோட பிடிய மெல்லிசா நெருக்கி விடணும், கருகியிருந்தா டெர்மினலையே மாத்தணும். அறுந்த வயருக்கு கிரிம்ப் பண்ணி, அதாவது சின்ன உலோகக் குழாய்க்குள்ள ரெண்டு நுனியையும் வச்சு நசுக்கி, மேல சூடு பட்டா சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் உறை போடுறது நல்லது. ஈயப்பற்று வைக்கிறவங்க இருக்காங்க, தப்பில்ல, ஆனா ஈயம் ஏறின வயர் விறைப்பாயிடும், அதிர்வுல அந்த விளிம்புலயே மறுபடி ஒடியும், அதனால அசையாம கட்டி வைங்க. ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு சிகரெட் பெட்டி ஈயத்தாளோ கம்பியோ சுத்துறது மட்டும் வேணாம், அப்புறம் வயரே ஃபியூஸ் ஆயிடும்.

வேலை முடிஞ்சதும் அதே ரெண்டு இடத்துல, அதே லோடு ஓட விட்டு, மறுபடி அளங்க. 0.8 காட்டின இடம் இப்ப 0.1 காட்டணும். எண் இறங்கலன்னா, வண்டி இன்னிக்கு நல்லா ஓடினாலும், நீங்க வேற ஏதோ ஒரு கப்ளரத்தான் துடைச்சிருக்கீங்க.